இது யார் எடுத்த மாடல்?

ராமசெல்வியைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் கடையின் வெப்சைட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஊருக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறவர்கள் தங்களுடையதை மட்டும் கண்ணைப் பறிக்கிற மாதிரி வைத்துக்கொள்வார்கள். இவள் நேர் எதிர். ராசியில்லை, வேண்டவே வேண்டாம் என்று ஊரே ஒதுக்கிய மாடலைத்தான் தேடிப் பிடித்துத் தன் கடைக்குப் போட்டுக்கொள்வாள். நான் ரூபினா, அந்தக் கடையில் அவளுக்குக் கூட்டாளி. தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் வந்து போகிறவள். அந்த வெப்சைட்டைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது கொஞ்சநஞ்சமில்லை.

கடை காலடிப்பேட்டையில், மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில் இருக்கிறது. செல்வியின் அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து அங்கே பலசரக்குக் கடை வைத்தவர். அவர் காலத்துக்குப் பிறகு இவள் பருப்பு மூட்டைகளை ஏறக்கட்டிவிட்டுக் கல்யாணப் பத்திரிகை விற்க ஆரம்பித்தாள். டைப் அடிக்க ஆள் தேடியபோது நான் போய்ச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் மெட்ரோ ஏது? அறுபது வயதுக் கிழவர் மாதிரி முனகும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். கண்டெய்னர் லாரிகள் வழிவிட்டால் கடை திறக்கிற நேரத்துக்கு வந்து சேரலாம். கடல் காற்றில் கம்ப்யூட்டர் துருப்பிடிக்கும், எர்ணாவூர்ப் பக்கத்து ஃபேக்டரிகளிலிருந்து காற்று திரும்பினால் மூக்கு எரியும். இருந்தாலும் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பை எதிர்க்கடை டெய்லர் வந்து சண்டை போட்டு நிறுத்தியிருக்கிறார்.

பத்திரிகை வாங்க வருகிறவர்கள் எங்கள் ஏரியாவில் அழகைப் பார்த்து வாங்குவதில்லை. சாம்பிள் ஆல்பத்தைப் புரட்டுவார்கள், ஒன்றில் விரலை வைப்பார்கள், உடனே கேட்பார்கள்.

“இது யாரு எட்த்த மாடலு?”

அதற்குச் செல்வியிடம் பதில் தயாராக இருக்கும். “இத்த ஹபீபுல்லா பாய் பொண்ணு நிக்காஹுக்கு எட்த்தாங்க. இப்ப பேரன் பொறந்துக்கீறான். சொந்த வூடு கட்டிகினாங்க.” அவ்வளவுதான், ஆர்டர் கையில். அதே நேரத்தில், எடுத்தவர்கள் வீட்டில் ஏதாவது ஒரு கோளாறு என்று தெரிந்தால் போச்சு. தங்கத் தாமரை போட்ட ஒரு கார்டு, பார்க்கக் கண் கோடி வேண்டும், காசிமேட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனது. ஆடி பிறப்பதற்கு முன்னே மாப்பிள்ளை ஒரு பக்கம், பொண்ணு ஒரு பக்கம். அதற்கப்புறம் அந்தத் தாமரையை ஒருத்தரும் தொடவில்லை. கட்டுக் கட்டாகப் பரண் மேல் கிடந்தது.

அந்தச் சமயம் செல்வியின் மகள் ஷாலுவுக்குக் காது குத்து வந்தது. அதற்கு வெறும் நீலத்தில் ஓரமாக ஒரு வெள்ளிக் கோடு போட்ட கார்டைச் செல்வி ஆசை ஆசையாக எடுத்து வைத்திருந்தாள். சாமி படம் இல்லை, பூ இல்லை என்று யாரும் வாங்காத கார்டு அது. ஆனால் செல்வி தினமும் அதை ஒரு தடவை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வைப்பாள். கடைசி நேரத்தில் என்னிடம் வந்து, “ரூபி, நீலம் வேணாம். தாமரையிலேயே அடிச்சிடு” என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். “உனுக்கு இன்னா பைத்தியமா? பெத்த பொண்ணுக்குப் போயி அத்த போடுவாங்களா?”

“காதுல ஓட்டை போடத்தான் போறோம். அதுக்கு மேல இன்னா ஆயிடும்? இன்னார் எட்த்து நல்லாயிருந்தாங்கன்னு சொல்றதுக்கு யாராச்சும் வேணும்ல. எவளும் வரல, நானே எட்த்துக்கறேன்.”

ஷாலுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. காது ஆறியது, தோடு போட்டாள், இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள், போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாள். ‘செல்வியே அவ பொண்ணுக்கு எட்த்துகினாளாமே’ என்ற பேச்சு பரவியதும் பரண் மேலிருந்த தாமரை முழுவதும் இறங்கி விற்றுப் போனது. அன்றிலிருந்து அது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. எந்த மாடலுக்குக் கெட்ட பெயர் வந்தாலும் சரஸ்வதி பூஜை அழைப்பு, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த விசேஷம் என்று எதையாவது சாக்கு வைத்து அதைத் தன் பெயரில் அடித்துவிடுவாள். அந்த நீலக் கார்டை மட்டும் கடைசி வரை அவள் தனக்கென்று அடித்துக்கொள்ளவே இல்லை. கம்பெனி அதை நிறுத்தியும் விட்டது.

பிறகு பத்திரிகை குறைந்து வெப்சைட் வந்தது. வெப்சைட் என்றால் நாங்கள் ஒன்றும் ஆனா ஆவன்னாவிலிருந்து எழுதுவதில்லை. ஒரு கம்பெனி இருக்கிறது, அங்கே ஆயத்தமாக டெம்ப்ளேட்டுகள் இருக்கும். ஒன்றை எடுத்து, கடைப் பெயரையும் படத்தையும் போன் நம்பரையும் போட்டுக் கொடுத்தால் முடிந்தது. கம்பெனிக்காரன் அவற்றுக்கு வாயில் நுழையாத பெயர்கள் வைத்திருந்தான். எங்கள் ஆட்களுக்கு அது எதற்கு? டெம்ப்ளேட்டும் மாடல்தான். முதலில் யார் எடுத்தார்களோ அவர்கள் பெயர்தான் அதற்குப் பெயர். பாத்திரம் வாடகைக்கு விடும் ஹபீபுல்லா பாய் எடுத்தது பாய் மாடல். இசக்கிப்பாண்டி அண்ணாச்சி எடுத்தது அண்ணாச்சி மாடல். வருகிறவர்கள், “பாய்க்குப் போட்டியே, அதே மாரி” என்று கேட்பார்கள். பாயின் பிரியாணி அண்டா வாடகைக்குப் போய்க்கொண்டிருந்த வரை அந்த மாடலும் போய்க்கொண்டிருந்தது.

அப்படி வந்ததுதான் ஜெபசிங் மாடல்.

ஜெபசிங் ராயபுரத்தில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிற கடை வைத்திருந்தார். துறைமுகத்தில் கப்பல் நின்றால் அரிசி, காய்கறி, இறைச்சி, சோப்பு, கயிறு என்று எல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மாடல் பார்க்க வந்தவர் எங்கள் உயிரை எடுத்துவிட்டார். போன் நம்பர் பக்கத்தின் அடியில், பெரிதாக, நகராமல் இருக்க வேண்டுமாம். கப்பல் சமையல்காரன் ஈரக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு கட்டை விரலால் அமுக்குவானாம். அப்படித் தேடித் தேடி ஒன்று கிடைத்தது. மேலே ஒரு படம், நடுவில் மூன்று பெட்டி, அடியில் நம்பர். அதில் ஒரு சின்னக் கோளாறு. பக்கம் திறக்கும்போது இரண்டு பெட்டி வந்துவிடும், நடுப் பெட்டி மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து உட்காரும். செல்வி அதைச் சரி செய்கிறேன் என்றாள். அவர் விடவில்லை.

“இருக்கட்டும்மா. எங்க ரோசி மாதிரி. எல்லாரும் கெளம்பி வாசல்ல நின்னப்புறம்தான் அவ சீப்பையே எடுப்பா.”

ரோசி என்பது அவர் மனைவி ரோஸ்மேரி. ராயபுரத்துப் பொண்ணு, கடையில் உட்கார்ந்து ஆர்டர் எடுப்பவள். இருவரும் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அன்று பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வெட்கத்தில் அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் ஜெபசிங் போய்விட்டார். கடை மூடிவிட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மாடல் எடுத்திருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, “செல்வி, எனுக்கு வேற மாத்திக் குடுத்துடு” என்று நின்றார்கள். ஊரெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த நேரம், யாரைக் குறை சொல்வது? நானும் பயந்தவள்தான். செல்வி எல்லோருக்கும் மாற்றிக் கொடுத்தாள். கடைசியில் அந்த மாடலில் ஒருத்தரும் இல்லை என்றானதும் எங்கள் கடை வெப்சைட்டை அதில் ஏற்றிவிட்டாள். அதற்கப்புறம் வேறு மாடல்களுக்குக் கெட்ட பெயர் வந்தும் அவள் அதை மாற்றவே இல்லை. ஏன் என்று கேட்டால், “கெடக்கட்டும் ரூபி” என்பாள்.

இப்போது ஏஐ ஏஜென்ட் வந்திருக்கிறது. துறைமுகத்துப் பக்கம் ஏஜென்ட் என்றால் சட்டைப் பையில் நாலு பேனாவோடு கஸ்டம்ஸ் வாசலில் நிற்பவர். இது அதுவல்ல. கம்பெனிக்காரன் ஒரு கருவி கொடுத்திருக்கிறான். அதை நம்முடைய ஏஐயோடு இணைத்துவிட்டால், என்னென்ன டெம்ப்ளேட் இருக்கிறது என்று ஏஐயே போய்ப் பார்த்து வரிசையாகப் போட்டுக் காட்டும். முன்பெல்லாம் நான் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து கண் பூத்துப் போவேன். இப்போது செல்வி தமிழிலேயே, ‘துணிக்கடைக்கு ஏத்த மாதிரி எல்லாம் காட்டு’ என்று எழுதுகிறாள், பெயர், விளக்கம், மாதிரிப் படம் எல்லாம் வந்து விழுகிறது. நாங்கள் அதைக் கொண்டாடினோம், பொய் சொல்வானேன்?

முதல் நாளே செல்வி அதனிடம், ‘இது யார் எடுத்த மாடல்?’ என்று கேட்டுப் பார்த்தாள். அது மிக மரியாதையாகப் பதில் எழுதியது. ‘இந்தக் கருவி டெம்ப்ளேட்டின் பெயர், வகை, விளக்கம், முன்னோட்டம் ஆகியவற்றை மட்டுமே தருகிறது. யார் பயன்படுத்தினார்கள் என்ற விவரம் இதில் இல்லை.’

“பாரேன், எல்லாம் தெரியும்னு சொல்லிகினு வந்துச்சு. இது கூட தெரியல” என்று செல்வி சிரித்தாள். சிரித்தாளே தவிர அவள் முகம் கொஞ்சம் வாடியது. எனக்கும்தான். பாயும் அண்ணாச்சியும் ஜெபசிங்கும் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது ஏதேதோ செடி பெயர், காற்று பெயர்.

போன மாதம் ஒரு காலையில் ரோஸ்மேரி கடைக்கு வந்தாள். தனியாக அல்ல, நாத்தனார் தேவகிருபை அக்காவோடு. ஜெபசிங்குக்கு மூத்தவர் அந்த அக்கா. தெற்கே நாசரேத்துப் பக்கத்துப் பேச்சு இன்னும் போகவில்லை. ராயபுரத்துக் கடைக் கட்டடம் அவர் பெயரில் இருக்கிறது. ரோஸ்மேரி அதைத் திரும்பத் திறக்க ஆசைப்பட்டாள். புதிதாக ஒரு கப்பல் கம்பெனி சாமான் வாங்க ஆள் தேடுகிறது, வெப்சைட் இருக்கிற கடையைத்தான் சேர்ப்பார்களாம். அக்கா மனது வைத்தால்தான் சாவி கைக்கு வரும். இத்தனை வருஷம் இடம் கொடுக்காதவர் இப்போதுதான் இறங்கி வந்திருக்கிறார் என்பது அவர் உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது.

“எதுனாலும் போடு செல்வி. அந்தப் பழைய மாடலு மட்டும் வேண்டாம், கேட்டியா? எந்தம்பியக் கொண்டுட்டுப் போன மாடலு அது. அதப் போட்டா கடையத் தெறக்க நான் சம்மதிக்க மாட்டேன்” என்றார் அக்கா.

ரோஸ்மேரி கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அது இப்ப இல்லக்கா. கம்பெனிக்காரனே எட்த்துட்டான். பழசு வச்சிகினு கீறவங்களுக்கு மட்டும்தான் ஓடுது” என்று செல்வி சொன்னாள். அது உண்மைதான். பிறகு ஏஜென்டிடம், ‘கப்பலுக்குச் சாமான் சப்ளை செய்யும் கடை, போன் நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும், ஏற்ற டெம்ப்ளேட் எல்லாம் காட்டு’ என்று எழுதினாள். வரிசை வந்தது. ரோஸ்மேரி எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொன்னாள். பச்சையில் ஒன்று, கறுப்பில் ஒன்று, பூக்கடைக்கு ஏற்ற மாதிரி ஒன்று. கடைசிக்குச் சற்று முன்னால் ஜூனிபர் என்று ஏதோ செடியின் பெயரில் ஒன்று. நல்ல கருநீலம், புது எழுத்து, புதுப் படம்.

அதைத் திறந்ததும் இரண்டு பெட்டிகள் வந்தன. ஒரு மூச்சு விட்டு நடுப் பெட்டி வந்து உட்கார்ந்தது.

செல்வி என் தொடையில் அழுத்தினாள். கம்பெனிக்காரன் பழைய மாடலுக்குப் பெயிண்ட் அடித்து வேறு பெயர் வைத்து உள்ளே விட்டிருக்கிறான். மேலே படம், நடுவில் மூன்று பெட்டி, அடியில் நகராத நம்பர்.

“செல்விக்கா, இதான். இத்தயே போட்டுடு” என்றாள் ரோஸ்மேரி.

தேவகிருபை அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. யாரு எடுத்தது இது?”

செல்வி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இந்த ஜூனிபர நம்ம ஏரியாவுல இன்னும் யாரும் எட்க்கலக்கா.”

“அப்ப சரி, போடு” என்று அக்கா எழுந்துவிட்டார்.

அவர்கள் போனதும் நாங்கள் சண்டை பிடித்துக்கொண்டோம். “நீ இன்னா காரியம் பண்ணிட்டே?” என்று கத்தினேன். “நாளைக்கு அந்தம்மா கண்டுபுடிச்சா கடைய இழுத்து மூடிடும். ரோசி கதி இன்னா ஆவறது? போயி சொல்லிடு.”

“அந்தம்மாகிட்ட சொன்னா இன்னிக்கே மூடிடும்.”

“சரி, ரோசிகிட்டயாச்சும் சொல்லணும்ல?”

அதற்கப்புறம் செல்விக்கு வேலையே ஓடவில்லை. ஜூனிபரைத் திறப்பாள், மூடுவாள். எங்கள் வெப்சைட்டைத் திறப்பாள், மூடுவாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குருடனுக்கும் தெரிந்துவிடும். மாலையில், “தெரியாம எட்த்துகினு அப்பால தெரிஞ்சா அந்தப் பொண்ணு ஒடிஞ்சி பூடும் ரூபி. அவ தலையில நான் கட்டக் கூடாது. காலைல போவலாம், வா” என்றாள். அவ்வளவு ராசி கெட்டதைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டவள், இன்னொருத்தி தலையில் ஏறுகிறது என்றதும் இப்படித் தவிப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாள் காலடிப்பேட்டையில் மெட்ரோ ரயில் ஏறி, இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ராயபுரம் போனோம். கடைக் கதவு திறந்திருந்தது. ரோஸ்மேரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். பழைய கயிற்றுச் சுருள், காலி சாக்கு, தராசு எல்லாம் வாசலில் கிடந்தது. நல்ல வேளை, அக்கா இல்லை.

“இன்னாக்கா ரெண்டு பேரும் சோடியா? குந்துங்க, டீ சொல்றேன்.”

செல்வி உட்காரவில்லை. “ரோசி, நேத்து எட்த்தியே ஜூனிபரு. அது வேற ஒண்ணியும் இல்ல. உங்க வூட்டுக்காரர் மாடல்தான். கம்பெனிக்காரன் பேர மாத்தி வுட்டுகீறான். உங்கிட்ட சொல்லாம வச்சிகினு கீறது எனுக்கு பேஜாரா கீது. வேணாம்னா சொல்லு, வேற எட்த்து தரேன். உங்க அண்ணிகிட்ட நான் ஏதாச்சும் சொல்லிக்கறேன்.”

ரோஸ்மேரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“நடுப்பொட்டி லேட்டா வந்து குந்துச்சு பாரு, அப்பவே தெரியும்க்கா” என்றாள். “தெரிஞ்சிதான் எட்த்தேன். உங்கிட்ட வந்து ஜெபசிங் மாடல் குடுன்னு நான் எப்டி கேப்பேன்? அண்ணி பக்கத்துல குந்திகினு கீறாங்க. தெருவே அத்த ராசியில்லன்னுது. அந்த லிஸ்டுல யார் பேரும் இல்ல. அதனால எட்த்தேன். கடை நல்லா ஓடட்டும், அப்பால அண்ணிகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

செல்விக்கு அப்போதுதான் உட்காரத் தோன்றியது. சாக்கின் மேல் உட்கார்ந்தாள்.

ரோஸ்மேரி இன்னும் முடிக்கவில்லை. “அக்கா, இத்தன வருசமா உன் கடை வெப்சைட்டு அந்த மாடல்லதான கீது. எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினியா? மனசு கலீஜா கீற அன்னிக்கு போன்ல அத்ததான் தொறந்து பாப்பேன். பேரு உன்னுது, படம் உன்னுது. ஆனா நடுப்பொட்டி வந்து குந்தும்போது எங்க கடை இன்னும் தொறந்துகினு கீற மாரி இருக்கும்.”

செல்வி அழுதாள். நானும் அழுதேன். டீ கொண்டு வந்தவர் கிளாஸை வைத்துவிட்டு, எந்த வீட்டு எழவு என்று புரியாமல் பார்த்துவிட்டுப் போனார்.

ரோஸ்மேரி மட்டும் அழவில்லை. முந்தானையால் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “அதனால இனிமே நீ வேற மாடல் எட்த்துக்கோக்கா. இது எங்க கடை.”

திரும்பி வந்ததும் செல்வி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான் பழக்க தோஷத்தில், இப்போது எந்த மாடலுக்குக் கெட்ட பெயர் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன். அவள் ஏஜென்டிடம், ‘என் கடைக்கு ஒரு டெம்ப்ளேட் வேணும்’ என்று எழுதினாள். அது திரும்பக் கேட்டது. ‘நிச்சயமாக. உங்களுக்கு எந்த மாதிரி பிடிக்கும்?’

செல்வி அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அவள் கையை நகர்த்திவிட்டு நானே டைப் அடித்தேன். ‘வெறும் நீலம். ஓரத்துல ஒரு வெள்ளிக் கோடு.’